தோளால் உழைப்பவர்கள்: ரக்பி லீக் முன்கள வீரரின் தொழில் வாழ்வு

இங்கிலாந்தின் வட பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்களிலும் நெசவாலைகளிலும் வேலை செய்தவர்கள் சனிக்கிழமைகளில் ரக்பி ஆடப் போனால் அன்றைய கூலியை இழந்தார்கள். அந்த இழப்புக்கு ஈடாகப் பணம் தருவதை விளையாட்டின் தலைமை அமைப்பு தடுத்ததால், வடபகுதி அணிகள் 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹட்டர்ஸ்ஃபீல்ட் நகரின் ஜார்ஜ் ஓட்டலில் கூடித் தனி அமைப்பைத் தொடங்கின; அதிலிருந்து வளர்ந்ததே ரக்பி லீக். உடலை வருத்தி ஆடுபவருக்கு உரிய ஈடு என்ன என்ற கேள்வியோடு பிறந்த இந்த ஆட்டத்தில், அக்கேள்வியின் பாரத்தை இன்றும் அதிகமாகச் சுமப்பவர்கள் ‘ஃபார்வர்ட்’ எனப்படும் முன்கள வீரர்களே.

ஓர் அணியில் ஆடும் 13 பேரில் அறுவர் முன்கள வீரர்கள்: ‘ப்ராப்’ இருவர், அவர்களுக்கு நடுவே ‘ஹூக்கர்’, அடுத்த வரிசையில் ‘செகண்ட் ரோ’ இருவர், கடைசியில் ‘லாக்’. பந்தைக் கையால் முன்னோக்கி எறிய விதி இடம் தராததால், அதை ஏந்திக்கொண்டு ஓடியோ காலால் உதைத்தோதான் முன்னேற முடியும். ஓடுபவரை எதிரணியினர் கட்டிப் பிடித்துச் சாய்ப்பது ‘டாக்கிள்’. கபடியில் பிடிபட்ட ரெய்டர் வெளியேறிவிடுவார். இங்கே பிடிபட்டவர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னால் நிற்பவருக்கு உருட்டிவிட, ஆட்டம் தொடர்கிறது. ஆறாவது முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு டாக்கிளுக்குப் பின்பும் தடுக்கும் அணி 10 மீட்டர் பின்வாங்கி நிற்க வேண்டும் என்பதால், இரு தரப்பும் ஓடி வந்தே மோதுகின்றன.

தம் அணியின் எல்லைக்கோட்டுக்கு அருகில் கிடைத்த பந்தை, காத்திருக்கும் தடுப்பு வரிசைக்குள் நேராகக் கொண்டு செல்வது ப்ராப்பின் வேலை. சில மீட்டர் முன்னேறி, எதிரணியின் இருவரையோ மூவரையோ தம்மோடு தரையில் இழுத்துப் போட்டால், அவர்கள் எழுந்து வரிசைக்குத் திரும்புவதற்குள் அடுத்தவருக்கு வழி திறக்கும். அந்த வழியில் ஓடி எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் வைப்பவருக்கே 4 புள்ளி மதிப்புள்ள ‘ட்ரை’ கிடைக்கிறது. வழி திறந்தவரின் பெயர் புள்ளிப் பலகையில் ஏறுவதில்லை.

இத்தொழிலின் உயரத்தையும் விலையையும் ஒருங்கே காட்டுவது சாம் பர்ஜஸின் வாழ்வு. யார்க்‌ஷயர் பகுதியில் உள்ள டியூஸ்பரி நகரில் 1988இல் பிறந்த அவர், 2006இல் பதினேழு வயதில் பிராட்ஃபோர்ட் புல்ஸ் அணிக்காகக் களமிறங்கி, 2010இல் ஆஸ்திரேலியாவின் சவுத் சிட்னி ரேபிட்டோஸ் அணியில் சேர்ந்தார். லூக், ஜார்ஜ், டாம் ஆகிய சகோதரர்களும் அங்கே வந்து சேர, 2013இல் நால்வரும் ஒரே ஆட்டத்தில் ஒரே அணிக்காக ஆடினார்கள்.

2014 அக்டோபர் 5 அன்று நடந்த ஆஸ்திரேலிய லீக் தொடரின் இறுதியாட்டத்தின் முதல் மோதலிலேயே, கேன்டர்பரி அணியின் ஜேம்ஸ் கிரகாமின் தலையில் மோதி, பர்ஜஸின் கன்னத்து எலும்பு முறிந்தது. முகம் வீங்கி, கண் சுருங்கிய நிலையிலும் அவர் 80 நிமிடமும் ஆடினார். பந்தோடு தடுப்பு வரிசைக்குள் ஓடுவதையும் டாக்கிள் செய்வதையும் குறைத்துக்கொள்ளவில்லை. 30–6 என்ற கணக்கில் வென்ற சவுத் சிட்னி, 1971க்குப் பின் முதன்முறையாகப் பட்டம் பெற்றது. சிறந்த ஆட்டக்காரருக்கான கிளைவ் சர்ச்சில் பதக்கமும் அவருக்கே கிடைத்தது. 1970 இறுதியாட்டத்தில் தாடை உடைந்தும் இறுதிவரை ஆடி வெற்றி தேடித்தந்த இதே அணியின் தலைவர் ஜான் சாட்லரோடு சேர்த்து இன்றும் அவர் போற்றப்படுகிறார்.

அதன்பின் 15 பேர் ஆடும் ரக்பி யூனியனுக்கு மாறி, 2015 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்காக ஆடிய பர்ஜஸ், அடுத்த ஆண்டே சவுத் சிட்னிக்குத் திரும்பினார். ஆனால் தோள்பட்டைக் காயம் தீராததால், 2019இல் முப்பது வயதிலேயே ஓய்வுபெற நேர்ந்தது. ஆயிரக்கணக்கான மோதல்களைத் தாங்கும் தோள், முழங்கால், கழுத்து ஆகியவற்றின் தேய்மானமே முன்கள வீரர் பலரின் ஓய்வு நாளை முடிவு செய்கிறது.

தலைக்காயம் இவற்றைவிடக் கொடியது. ஏனெனில் மூளை அதிர்ச்சி வெளியே தெரிவதில்லை, அதன் விளைவுகள் பல ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டக்கூடும். அந்த இறுதியாட்டத்தில் பர்ஜஸோடு மோதிய ஜேம்ஸ் கிரகாமே, தாம் பட்ட தலைக்காயங்களையும் அவற்றைப் பற்றிய கவலையையும் வெளிப்படையாகப் பேசிவருகிறார். இப்போது, மூளை அதிர்ச்சி ஏற்பட்டதாகச் சந்தேகிக்கப்படும் வீரரை உடனே வெளியே அழைத்து மருத்துவர் சோதிக்கிறார்; அதிர்ச்சி உறுதியானால் அவர் அன்று மீண்டும் ஆட முடியாது. இந்த விதி பயன்தர வேண்டுமானால், உடைந்த எலும்போடு ஆடியவரைப் புகழும் அரங்கம், மருத்துவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வெளியேறுபவரையும் அதே மரியாதையோடு வழியனுப்ப வேண்டும். முப்பது வயதில் ஓய்வுபெறுபவருக்கு வாழ்வின் பெரும்பகுதி இன்னும் மீதமிருக்கிறது. அந்த ஆண்டுகளை அவர் நலமாக வாழ்வதையும் கணக்கில் சேர்த்தால்தான் முன்கள வீரரின் உழைப்புக்குரிய மதிப்பைத் தந்ததாகும்.