எப்.ஐ.ஆர். போட மறுத்தால் என்ன செய்வது?

ஆரணி:
கோர்ட்டு வாசலில் மனு எழுதிப் பிழைக்கும் வக்கீல். வீட்டிலும் மதிப்பு கிடையாது. மகளைக் காணாமல் அலைந்த ஒருவர், போலீசார் வழக்கு பதியாததால் தீக்குளிக்கிறார். அந்த வழக்கை இவர் கையில் எடுக்கிறார். 2025-ல் 'ஜீ5'-ல் வந்த "சட்டமும் நீதியும்" தொடரின் கதை இது. வக்கீலாக நடித்தவர், 'பருத்திவீரன்' சித்தப்பு சரவணன்.

கதை இருக்கட்டும். நிஜத்தில் நம்ம ஊர்க்காரருக்கு இப்படி நேர்ந்தால்?

வாரண்டு இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால், எப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும். 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பு இது. நகல் இலவசம். மறுத்தால் புகாரைத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்பலாம். அங்கும் நடக்கவில்லையா? மாஜிஸ்திரேட்டு கோர்ட்டுக்குப் போகலாம்.

வக்கீல் வைக்கப் பணமில்லையா? 15100-க்குப் போன் போடுங்கள். பெண்களுக்கும் ஏழைகளுக்கும் இலவச சட்ட உதவி உண்டு.

தீப்பெட்டியைத் தொடவேண்டாம். தபாலாபீசுக்குப் போங்கள்!