குளிர்ப் பிரதேசங்களுக்கேற்ற இனிப்புக் கறிமிளகாய் வர்க்கங்களைத் தெரிவுசெய்தல்

கறிமிளகாய் நல்ல விலை தரும் மரக்கறிப் பயிர்களுள் ஒன்றாகும். ஆயினும், குளிர் மிகுந்த இடங்களில் இதனைப் பயிரிடுவோர் பலர், செடி செழித்து வளர்ந்தும் காய் பிடிக்கவில்லை என்றும், காய் பிடித்தும் அது முற்றுமுன் மழை வந்துவிட்டது என்றும் முறையிடுவதுண்டு. இக்குறைக்கு உரமோ நீரோ காரணமாகாத வேளைகளும் உண்டு. அத்தகைய வேளைகளிற் பிழை, பெரும்பாலும் நாற்றுமேடை போடுவதற்கு முன்னரே, அதாவது விதையைத் தெரிவுசெய்த போதே நிகழ்ந்துவிடுகின்றது. ஆகவே வர்க்கத்தைத் தெரிவுசெய்யும்போது கவனிக்கவேண்டியவற்றை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

பயிரின் இயல்பு

கறிமிளகாயின் தாயகம் மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவுமாகும். கொச்சிக்காயும் இதே இனத்தைச் சேர்ந்ததே. வெப்ப நாட்டிற் தோன்றிய செடியாதலால், குளிர் இதன் ஒவ்வொரு பருவத்தையும் தாமதப்படுத்துகின்றது.

முதலாவதாக, முளைத்தல். மண்ணின் வெப்பநிலை 25 முதல் 30 பாகை செல்சியசு வரை இருப்பின், விதை ஏறக்குறைய 8 நாட்களில் முளைக்கும். 20 பாகையில் 12 அல்லது 13 நாட்களும், 15 பாகையில் 25 நாட்களும் செல்லும். 10 பாகையில் விதை முளைப்பதேயில்லை. குளிர்ந்த ஈரமண்ணில் நெடுநாட் கிடக்கும் விதை அழுகிப்போவதற்கும் இடமுண்டு.

இரண்டாவதாக, காய்பிடித்தல். இரவு வெப்பநிலை 15 பாகைக்குக் கீழே செல்லும்போது மகரந்தம் நன்கு விருத்தியடைவதில்லை. அதனாற் பூக்கள் உதிரும். அல்லது விதையற்ற, சிறுத்த, உருக்குலைந்த காய்கள் உண்டாகும். பகல் வெப்பம் 32 பாகைக்கு மேற்பட்டாலும் பூக்கள் உதிரும் என்பதையும் மறத்தலாகாது.

மூன்றாவதாக, பழுத்தல். பச்சை நிறத்தில் முற்றிய காய் சிவப்பு அல்லது மஞ்சள் நிறமடைவதற்கு மேலும் 2 முதல் 4 வாரங்கள் வேண்டும். குளிரில் இக்காலம் இன்னும் நீளும்.

குறுகிய கோடை நாடுகளிற் கையாளப்படும் முறை

கனடாவிலும், ஐக்கிய அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் உறைபனியற்ற காலம் பல இடங்களில் 90 முதல் 120 நாட்கள் வரையே நிலவுகின்றது. அதற்கு முன்னும் பின்னும் உறைபனி செடியைக் கொன்றுவிடும். ஆகையால் அங்குள்ள பயிர்ச்செய்கையாளர், "எந்த வர்க்கம் மிகப் பெரிய காய் தரும்?" என்று முதலிற் கேட்பதில்லை, "எனக்குள்ள நாட்களுக்குள் எந்த வர்க்கம் காய்த்து முடியும்?" என்றே கேட்கின்றனர். நாற்றுக்களை வெப்பமான அறைகளில் 6 முதல் 8 வாரங்கள் வளர்த்து, உறைபனி நீங்கிய பின்னரே வயலில் நடுகின்றனர்.

இலங்கையின் மலைநாட்டில் கோடை, மாரி என்ற அத்தகைய பருவமாற்றம் இல்லை. எனினும் நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகையே. தை, மாசி மாதங்களிற் சில விடியற்காலைகளில் அங்கு உறைபனியும் விழுவதுண்டு. வெலிமடை முதலிய இடங்களில், பெரும்போக நெல் அறுவடையான வயல்களிற் சிறுபோகத்தில் மரக்கறி பயிரிடுவோர், ஐப்பசி மழைக்கு முன்னர் வயலை விடுவிக்கவேண்டியுள்ளது. எனவே அங்கு உறைபனி செய்யும் வேலையை இங்கு மழையும் அடுத்த நெற்போகமும் செய்கின்றன. காலம் குறுகியது என்பது இரு நாட்டினருக்கும் பொதுவான இடராகும்.

விதைப் பைக்கற்றிலுள்ள நாட்கணக்கு

இறக்குமதி செய்யப்படும் விதைப் பைக்கற்றுக்களில் 55 நாள், 75 நாள் என்று குறிக்கப்பட்டிருக்கும். இதனை விளங்கிக்கொள்ளும்போது மூன்று விடயங்களை மனத்திற்கொள்க.

1. கறிமிளகாயைப் பொறுத்தவரை, இந்நாட்கள் வழக்கமாக நாற்று நட்ட நாளிலிருந்தே கணக்கிடப்படுகின்றன. விதைத்த நாளிலிருந்து அன்று. நாற்றுமேடைக் காலத்தை வேறாகக் கூட்டவேண்டும்.

2. ஒரே எண் குறிக்கப்பட்டிருப்பின் அது பெரும்பாலும் பச்சைக்காய் பறிக்கும் காலத்தையே குறிக்கும். சிவந்த காய்க்கு மேலதிக வாரங்களைச் சேர்த்துக்கொள்க.

3. அவ்வெண், பயிருக்கு உகந்த வெப்பத்திற் கண்ட எண்ணாகும். குளிரான தோட்டத்தில் அது கூடுமேயன்றிக் குறையாது.

ஓர் உதாரணத்தைக் காண்போம். மே 1ஆந் திகதி நாற்று நட்டு, செத்தெம்பர் 30ஆந் திகதி வயலை விடவேண்டும் என வைத்துக்கொள்வோம். குளிரின் பொருட்டுக் கணக்கிற்காக நாட்களிற் காற்பங்கு கூட்டுவோம். 75 நாள் வர்க்கம் 94 நாட்கள் கொள்ளும். முதற் பறிப்பு ஓகத்து 3ஆந் திகதியாகும். பறிப்பதற்கு 58 நாட்களே எஞ்சும். 55 நாள் வர்க்கம் 69 நாட்கள் கொள்ளும். முதற் பறிப்பு யூலை 9ஆந் திகதியாகும். பறிப்பதற்கு 83 நாட்கள் கிடைக்கும். காய் சிவக்குமட்டும் மேலும் 30 நாட்கள் காத்திருப்பின், முன்னைய வர்க்கத்திற்கு 28 நாட்களும் பின்னையதற்கு 53 நாட்களும் மாத்திரமே எஞ்சும். ஒரே வயலில், ஒரே உழைப்பில், விதைத் தெரிவு ஒன்றினால் மட்டும் பறிப்புக் காலத்தில் 25 நாட்கள் வேறுபடுதலைக் காண்க.

காற்பங்கு என்பது கணக்கை விளக்குவதற்காகக் கொண்ட அளவே. உங்கள் தோட்டத்திற்குரிய அளவை நீங்களே அறிதல் வேண்டும். நட்ட திகதியையும் முதற் காய் பறித்த திகதியையும் ஒவ்வொரு போகத்திலும் ஒரு கொப்பியிற் குறித்து வருவீர்களாயின், இரண்டு மூன்று போகங்களுக்குள் அது தெளிவாகும்.

வர்க்கங்களின் வேறுபாடு

பொதுவாக, தடித்த சதையும் பெட்டி போன்ற வடிவமுங் கொண்ட பெரிய காய்கள் முற்றுவதற்கு அதிக நாட்கள் கொள்ளும்; குளிரில் அவற்றின் உருவமும் எளிதிற் கெடும். நீண்டு ஒடுங்கிய, மெல்லிய சதையுள்ள காய்கள் விரைவில் முற்றும். குளிரிலும் ஓரளவு நன்கு காய்பிடிக்கும்.

கலிபோர்ணியா வொண்டர்: 1928ஆம் ஆண்டிலிருந்து வழக்கிலுள்ள பெரிய பெட்டி வடிவ வர்க்கம். பச்சைக்காய்க்கு ஏறக்குறைய 75 நாட்கள் வேண்டும். இளஞ்சூடான இடங்களுக்கு உகந்தது. குளிர்ந்த உயர் நிலங்களில் இதனைத் திறந்த வெளியில் நம்பிப் பயிரிடுதல் தகாது.

யோலோ வொண்டர்: மேற்கூறியதைப் போன்றது, புகையிலைச் சித்திர வைரசு நோயை எதிர்க்கும் ஆற்றலுக்காக விருத்திசெய்யப்பட்டது. காலம் ஏறக்குறைய அதுவே.

ஏஸ்: கலப்புப் பிறப்பு வர்க்கம். பச்சைக்காய்க்கு ஏறக்குறைய 50 நாட்கள். சிவந்த காய்க்கு 70 நாட்கள். காய் நடுத்தர அளவினது. குளிரிலும் காய்பிடிக்கும் தன்மைக்காகப் பெயர்பெற்றது.

ஜிப்சி: இதுவும் கலப்புப் பிறப்பு. அமெரிக்காவில் 1981ஆம் ஆண்டு அகில அமெரிக்கத் தெரிவு விருதைப் பெற்றது. வெளிர்மஞ்சள் நிறமான, கூம்பு வடிவக் காய். 60 முதல் 65 நாட்களில் முற்றும்.

சுவீட் பனானா: 1941ஆம் ஆண்டு அவ்விருதைப் பெற்ற பழைய வர்க்கம். நீண்ட, காரமற்ற மஞ்சட் காய். ஏறக்குறைய 70 நாட்கள் கொள்ளும்.

ஹங்கேரியன் யெலோ வக்ஸ்: இலங்கையில் நெடுங்காலம் பயிரிடப்பட்டு வரும் மஞ்சட் கறிமிளகாய். ஓரளவு காரமுடையது. ஏறக்குறைய 70 நாட்கள் கொண்டாலும், குளிரான நாடுகளிலும் நம்பகமாகக் காய்ப்பது. நமது சந்தையிற் பழகிய காயாதலால் விற்பனையும் எளிது.

பெரிய பெட்டி வடிவக் காய்களை ஹோட்டல்களும் நகரச் சந்தைகளும் விரும்புகின்றன என்பது உண்மையே. அவற்றைப் பயிரிட விரும்புவோர், பொலித்தீன் கூடாரங்களிற் பயிரிடுவது பாதுகாப்பானது. கூடாரமின்றித் திறந்த வெளியிற் பயிரிடுவோர், குறுகிய கால வர்க்கத்தைத் தெரிந்து, காயைப் பச்சையிலேயே பறித்தல் நன்று.

குளிரின் தாக்கத்தைக் குறைத்தல்

நல்ல வர்க்கமும் தக்க இடமின்றிப் பயன் தராது. குளிர்ந்த காற்று இரவிற் பள்ளத்தை நோக்கி இறங்கித் தேங்குமாதலால், பள்ளத்தாக்கின் அடியைத் தவிர்த்து, காலை வெயில் படும் சரிவைத் தெரிவுசெய்க. நாற்றுமேடையை உயர்த்தி அமைத்து, இரவிற் பொலித்தீனால் மூடி, பகலிற் காற்றோட்டம் விடுக. நடுவதற்கு ஒரு வாரத்திற்கு முன்னர் மூடலைப் படிப்படியாக நீக்கி நாற்றுக்களைப் பழக்குக. பாத்தியைக் கறுப்புப் பொலித்தீனால் மூடினால் மண் சூடேறும். நைதரசன் உரத்தை அளவுக்கு மிஞ்சி இடுதல் இலையைப் பெருக்கிப் பூப்பதைத் தாமதிக்கச் செய்யும். குறுகிய காலத்தில் அந்நட்டத்தை ஈடுசெய்ய முடியாது.

உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி ஆகியன கறிமிளகாயின் குடும்பத்தைச் சேர்ந்தவை. பற்றீரியா வாடல் நோய் இவையனைத்தையும் தாக்கும். ஆகவே உருளைக்கிழங்கு கிண்டிய நிலத்தில் அடுத்தாற்போற் கறிமிளகாயை நடாதீர்கள்.

விதை சேகரித்தல்

கலப்புப் பிறப்பு வர்க்கங்களின் காயிலிருந்து எடுத்த விதை, தாய்ச்செடியின் குணத்தை ஒருசீராகக் கொடாது. விலை அதிகமாயினும் ஒவ்வொரு போகமும் புதுவிதை வாங்குதல் வேண்டும். மற்றைய வர்க்கங்களிலிருந்து விதை எடுக்கலாம். ஆனால் அருகிற் கொச்சிக்காய் இருப்பின் தேனீக்கள் மகரந்தத்தைக் கலந்துவிடும். இவ்வாண்டுக் காயின் சுவை அதனால் மாறாது. ஆயினும் அவ்விதையிலிருந்து வரும் செடிகளிற் காரம் தோன்றும். ஏனெனிற் காரமே மேலோங்கும் குணமாகும்.

புதியதொரு வர்க்கத்தை முழுத் தோட்டத்திலும் ஒரேயடியாக நடுதல் ஆபத்தானது. முதலாம் ஆண்டில் ஒரு பாத்தியில் மட்டும், நீங்கள் பழகிய வர்க்கத்திற்குப் பக்கத்திலேயே, ஒரே நாளில் நட்டுப் பாருங்கள். முதற் பறிப்பின் திகதி, காயின் நிறை, கிடைத்த விலை ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். அக்குறிப்புடன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகி, உங்கள் நிலத்திற்குச் சிபார்சு செய்யப்பட்ட வர்க்கங்களைப் பற்றி ஆலோசனை பெற்றபின், அடுத்த போகத்திற்கு வேண்டிய விதையை வாங்குக.