சார்ஜ் போடும் இடத்தில் காற்றை இறக்காதீர்கள்

சென்னையிலிருந்து மின்சார காரில் தெற்கே கிளம்புகிறவர்கள், சுமார் 120 கிலோமீட்டரில் வரும் திண்டிவனத்திலோ விழுப்புரத்தை நெருங்கும்போதோ சார்ஜ் போட நிற்பதுண்டு. சும்மா நிற்கிற நேரத்தில் காற்றையும் பார்த்துவிடலாமே என்று தோன்றும். சிக்கல் அங்கேதான்.

ஆத்தூர் டோல்கேட்டைத் தாண்டி வந்த டயர் சூடாக இருக்கும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினாலே அழுத்தம் ஒன்றரைப் பாயின்ட்டுக்குக் குறையாமல் ஏறும். காலையில் 36 வைத்த டயர் சித்திரை வெயிலில் 40 காட்டினால் அதில் தப்பொன்றும் இல்லை. "ஓவரா இருக்கு சார்" என்று இறக்கிவிட்டால், டயர் ஆறியதும் 32தான் மிஞ்சும். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் அதிகமாக மடங்கி நிமிரும், சூடேறும், கடைசியில் வெடிக்கவும் செய்யும். ரேஞ்சும் குறையும்.

பெட்ரோல் காருக்கே இது ஆகாது. மின்சார காருக்கு இன்னும் ஆகாது. பேட்டரியால் எடை கூடுதல். அந்த எடையும் வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. முன்சக்கரம் இழுக்கும் பெட்ரோல் காரில் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்பக்கம். மின்சார காரில் பேட்டரி தரைக்கு அடியில் பரவிக் கிடப்பதால் முன்னும் பின்னும் கிட்டத்தட்டச் சமம். பின்சீட்டில் மூன்று பேரையும் டிக்கியில் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு மயிலம் கோயிலுக்குப் போனால் பின் டயர்கள்தான் சுமக்கும். முழுச் சுமைக்கென்று தனி அழுத்தத்தைக் கம்பெனி சொல்வது இதனால்தான்.

டயர் மாற்றும்போது அளவிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். டாடா நெக்ஸான் மின்சார காரின் அளவு 215/60 ஆர்16. இந்த அளவுக்கு வழக்கமான சுமை எண் 95. அதாவது ஒரு டயர் 690 கிலோ தாங்கும். விலை குறைகிறதே என்று 205/60 போட்டால் எண் 92, தாங்குவது 630 கிலோ. விட்டமும் 12 மில்லிமீட்டர் குறைவதால், ஓடிய தூரத்தை மீட்டர் இரண்டு சதவீதம் கூட்டியே காட்டும். கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான்" என்றாலும் இரண்டும் ஒன்றல்ல.

டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச அழுத்தம். அது நீங்கள் வைக்கவேண்டிய அளவல்ல. உங்கள் காருக்கு உரியது பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, கிளம்பும் முன் வீட்டிலேயே அளந்துவிடுங்கள். வழியில் காற்றுக் குறைந்தால் நிரப்பலாம். சூடான டயரிலிருந்து மட்டும் இறக்காதீர்கள்.