பச்சையா இருந்தா காடா?

கேட்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. போன்ல மேப்பைத் திறந்து, சாட்டிலைட் வியூவுல விக்கிரமசிங்கபுரம்னு தேடுங்க. மேற்கே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். கிழக்கே தாமிரபரணிப் பாசன வயல்கள். தெற்கே, மணிமுத்தாறுக்கு மேல மாஞ்சோலை தேயிலைத் தோட்டம். மூணுமே பச்சையாத்தான் தெரியும்.

இந்தப் பச்சையை விஞ்ஞானிங்க எப்படி அளக்குறாங்க? இலையில இருக்குற பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கும். ஆனா நம்ம கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை இலை நிறைய திருப்பி அனுப்பிடும். இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை, ரெண்டோட கூட்டுத்தொகையால வகுத்தா கிடைக்கிறதுதான் என்.டி.வி.ஐ. எண். ஒண்ணை நெருங்க நெருங்க இலை அடர்த்தி அதிகம்னு அர்த்தம். 1972-லேர்ந்து லேண்ட்சாட், 2015-லேர்ந்து சென்டினல்-2 எடுத்த படங்கள் எல்லாம் இலவசம். நீங்களே கணக்குப் போடலாம்.

சிக்கல் என்னன்னா, அந்த எண்ணுக்கு இலை தெரியும். எந்த இலைன்னு தெரியாது. நெருக்கமான தேயிலையும் மழைக்காடும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பு காட்டலாம். அதனால ஒரே படத்தை நம்பக்கூடாது, வருஷம் முழுக்கப் பார்க்கணும். வயல் கார், பிசானம்னு ஏறி இறங்கும். பசுமை மாறாக் காடு பெருசா அசையாது. கோடையில சுத்தி எல்லாம் காய்ஞ்சு கிடக்கும்போது தரிசு நிலத்துல ஒரு திட்டு மட்டும் பச்சையா இருந்தா, சீமைக்கருவேலமான்னு சந்தேகப்படுங்க. அங்க பச்சை கூடினா நிலம் தேறுதுன்னு அர்த்தமில்ல.

இது ஏன் இப்போ முக்கியம்? மாஞ்சோலை நிலம் 1929-ல சிங்கம்பட்டி ஜமீன்கிட்ட இருந்து பாம்பே பர்மா கம்பெனி 99 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. 2028-ல அது முடியுது. தோட்டத்தைக் கவனிக்க ஆளில்லாம விட்டா தேயிலைச் செடி மரமா வளரும், களையும் சேர்ந்து ஏறும். மேலேர்ந்து பார்த்தா பச்சை அப்படியே இருக்கும். அதை மட்டும் வச்சு "காடு திரும்பிடுச்சு"ன்னு யாராவது சொன்னா நம்பிடாதீங்க. மரத்தோட உயரத்தை லேசரால அளக்கலாம். ஆனா எந்த நாத்து முளைக்குதுன்னு பார்க்க ஒருத்தர் அட்டைக்கடி வாங்கிட்டு உள்ள நடந்துதான் ஆகணும்.

இன்னொண்ணு. தலைமுறையா அங்க கொழுந்து பறிச்சவங்க எங்க போறாங்கங்கிறது எந்தப் படத்துலயும் பதிவாகாது. அதையும் நாமதான் கேட்கணும்.