விலை ரூபாயில், அறவீடு எதில்?

பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க இணையக் கடையொன்றைத் திறக்கிறீர்கள். கடை இருப்பதோ வெளிநாட்டில். விலை மட்டும் நம் ரூபாயில்! மனம் உடனே கணக்குப் போட்டுவிடும். சற்றுப் பொறுங்கள்.

பல கடைகளில் அந்த ரூபாய் விலை வெறும் மதிப்பீடுதான். பணம் டொலரில் அறவிடப்பட்டால், உங்கள் வங்கி தனது நாணயமாற்று விகிதத்தில் அதைக் கணக்கிடும், கட்டணமும் சேர்க்கக்கூடும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாய் வரை ஏறியதை மறப்போமா? 10 டொலர் பொருள் 2000 ரூபாயிலிருந்து 3600 ஆயிற்று.

வேறு சில கடைகள் ரூபாயிலேயே அறவிடும். அங்கே தொகை முன்கூட்டியே தெரியும். ஆனால் விகிதத்தைத் தீர்மானிப்பவர்கள் தமது இலாபத்தையும் அதற்குள் வைத்திருப்பார்கள். "டொலரா, ரூபாயா?" என்று கேட்டால், இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எனவே, பணம் செலுத்துமுன் இறுதிப் பக்கத்தில் எந்த நாணயம் உள்ளதெனக் கவனியுங்கள். கடனட்டைக் கட்டணம் எவ்வளவென வங்கியிடம் கேளுங்கள். சுங்கத் தீர்வை உண்டா என்பதையும் விசாரியுங்கள். மாதச் செலவுக் கொப்பியில் எழுத வேண்டியது கடை காட்டிய விலையையல்ல. கணக்கிலிருந்து கழிந்த தொகையையே!