மௌலிவாக்கத்துக்கு வெடி, தி.நகருக்கு ஜா கட்டர்: ஏன்?

சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-ல் 11 மாடிக் கட்டடம் ஒண்ணு சரிந்து 61 பேர் செத்தாங்க. பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2-ல் வெடி வைத்துச் சில நொடிகளில் தரைமட்டமாக்கினாங்க.

2017 மே 31-ல் தீப்பிடித்த தி.நகர் சென்னை சில்க்ஸ் கட்டடத்துக்கு மட்டும் ஏன் ஜா கட்டர்?

வெடி வைக்கணும்னா ஆள் உள்ளே போய்த் தூண் தூணாகத் துளை போடணும். வெந்து தளர்ந்த கட்டடத்துக்குள் யாரை அனுப்புவது? ஒட்டினாற்போலக் கடைகள், மேம்பாலம் வேற. அதனால் நீளக்கை இயந்திரம் வெளியே நின்று கடித்துக் கடித்து இறக்கியது.

உள்ளே ஆள் போகலாமா, சுற்றிலும் எவ்வளவு இடம் இருக்கு: இந்த இரண்டும்தான் முறையைத் தீர்மானிக்குது. இலஞ்சியில் பொதுச்சுவர் வீட்டுக்கும் இதே கணக்குதான். ஜேசிபியைக் கூப்பிடும் முன், அந்தச் சுவர் பக்கத்து வீட்டு உத்தரத்தையும் தாங்குதான்னு பாருங்க. தாங்கினால் கடப்பாறை, சம்மட்டிதான். கூரையிலிருந்து கீழ்நோக்கி, நிதானமாக.