வாவிக்கரையிலிருந்து எழுதிய மடல்கள்

நேர்மையற்ற நடுவரிடம் ஓயாது முறையிட்ட கைம்பெண்ணை லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். மட்டக்களப்பு வாவிக்கரை அவளை நன்கு அறியும்.

1988 ஜூன் 6ஆம் நாள், அங்குள்ள பிரஜைகள் குழுவின் தலைவர் அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ புளியந்தீவு மரியன்னை பேராலய வளாகத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது, மட்டக்களப்பு சமாதானக் குழு மக்களுக்காகக் குரல் கொடுத்தது. 1948இல் அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவியரான ஹரி மில்லர், யூஜின் ஹெபியர் இருவரும் அதில் பணியாற்றினர். அதிகாரத்தின் முன் கண்ணீர் போதாது. காணாமற்போனவரின் பெயர், ஊர், பிடிக்கப்பட்ட நாள் அனைத்தும் எழுத்தில் வேண்டும்.

ஆகஸ்ட் 15, அன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட ஹெபியர் அடிகளாரும் உடன்வந்த இளைஞரும் வழியிலேயே காணாமற்போயினர். பிறருக்காகக் கேட்டவரைப் பற்றியே இனிக் கேட்க வேண்டியதாயிற்று.

செப்டெம்பர் 5இல் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து படையினர் 158 பேரைக் கொண்டுசென்றனர். சமாதானக் குழு கேட்டபோது, எவரும் தடுத்துவைக்கப்படவில்லை என்றது படைத் தரப்பு. பின்னர் குழுத் தலைவருக்கு வந்த மடலோ, கைதானோர் முப்பதளவினரே, அவர்களும் விடுவிக்கப்பட்டனர் என்றது. மௌனத்தினும் கொடிய பதில்தான். ஆயினும், முகாமில் ஆட்கள் பிடிக்கப்பட்டது மெய் என்பதை அது எழுத்திலேயே ஒப்புக்கொண்டது அல்லவா!

158 பேர் கொண்டுசெல்லப்பட்டமைக்குச் சான்று உண்டென, 1994இல் நியமிக்கப்பட்ட ஆணைக்குழு பின்னர் பதிவுசெய்தது. செப்டெம்பர் 5இல் உறவினர்கள் இன்றும் வந்தாறுமூலையில் கூடி விளக்கேற்றுகின்றனர்.